தோணியும் குடையும்

அமல்ராஜ் இரண்டு கதைகளின் தாள்களையும் அருகருகே வைத்து, அவற்றின் மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டார். கைப்பற்றிய பொருளின் மேல் காவலர் கை வைப்பதைப் போல இருந்தது.

“இந்தத் தோணியும் இந்தக் குடையும் ஒண்ணுதான். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் எடுத்திருக்கார்” என்றார்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. சுங்குவார்சத்திரம் நெடுஞ்சாலையில் லாரிகள் தேங்கிய தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போகும் சத்தம் மாடி ஹால் வரை வந்தது. கீழே பெயிண்ட் கடை என்பதால் ஹாலில் எப்போதும் டர்பென்டைன் நெடி இருக்கும். அன்று ஈரச் சாக்கின் வாடையும் சேர்ந்திருந்தது.

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். வடை இன்னும் வரவில்லை. இது வடை வந்த பிறகும் நீளும் என்று தெரிந்தது.

சிவப்பு வாளி

இத்தனை காலம் பத்திரிகையில் இருந்தவர் ஏன் ஒரு சிறுகதை கூட எழுதவில்லை என்று இந்தத் தொடரின் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எழுதினேன், ஒன்று. அதற்கு என்ன ஆயிற்று என்று சொன்னால்தான் மேலே சொன்ன காட்சி புரியும்.

செய்தித்தாள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சேரப்பணஞ்சேரிக்குக் குடிவந்த புதிது. நண்பர் ஒருவர் சொன்னார் என்று சுங்குவார்சத்திரம் வரை போய், வீட்டுக் கேட்டுக்கு பெயிண்ட் வாங்கினேன். கடைக்காரர் பெயர் ஏகாம்பரம். ஐம்பதைத் தாண்டியவர். காதில் பென்சில், சட்டைப் பையில் வண்ண அட்டை. நான் பத்திரிகையில் இருந்தவன் என்று தெரிந்ததும், பில் போடுவதை நிறுத்திவிட்டு, “அப்ப நீங்க நம்ம ஆளு சார்” என்றார்.

அவர் ஒரு கதை வட்டம் நடத்தி வந்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு மேல் உள்ள ஹாலில். வருகிறவர்களில் பாதிப் பேர் கம்பெனிகளில் உற்பத்தி லைனில் நிற்பவர்கள். மற்றவர்கள் ஒரு மருந்துக்கடைக்காரர், இரண்டு ஆசிரியைகள், தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லித்தரும் அமல்ராஜ். எல்லோரும் எழுதுகிறவர்கள். யாருடைய கதையும் இன்னும் எங்கும் வந்ததில்லை.

வட்டத்துக்குச் சட்டதிட்டம் உண்டு. கதையை ஏகாம்பரத்துக்கு மட்டும் அனுப்ப வேண்டும். கூட்டத்துக்கு முன் வேறு யாரிடமும் காட்டக் கூடாது. அவர் பெயரை எடுத்துவிட்டு அச்செடுப்பார். சீட்டுக் குலுக்கி இரண்டு கதைகளை ஜோடி சேர்ப்பார்கள். பிறகு அந்த ஜோடியின் குறியீடுகளை ஒப்பிட்டுப் பேச வேண்டும். பேசி முடிக்கும் வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில்தான் பெயர் சொல்வார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அது ஒரு தண்டனை.

தண்ணீர் லாரி வரும் நாளைப் பற்றி நான் எழுதிய கதையில், வரிசையில் தனக்குப் பதிலாக ஒரு பெண் சிவப்பு வாளியை வைத்துவிட்டுப் போவாள். அதை யாரோ எழுதிய காக்கை கதையோடு ஜோடி சேர்த்தார்கள். சிவப்பு ரத்தம் என்றார் ஒருவர். கருப்பை என்றார் ஆசிரியை. வாளி காலியாக இருப்பதால் இது தோற்றுப்போன புரட்சி என்று அமல்ராஜ் முடித்துவைத்தார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டு வாளி சிவப்பு. வாங்கிய அன்று கடையில் நீலம் இல்லை.

அதன் பிறகு நான் எழுதவில்லை. ஆனாலும் போய்க்கொண்டிருந்தேன். எரிச்சல்படுவதற்கும் மனிதனுக்கு ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

இதில் என் கட்சியில் இருந்தது தேவி மட்டும்தான். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர். அவள் கதையில் ஒரு சாப்பாட்டு டப்பா மூடி திறக்காமல் மாட்டிக்கொள்ளும். பேசப்படாத காதல் என்று அதற்கு விளக்கம் கொடுத்தார்கள். பெயர் சொல்லும் நேரம் வந்ததும் அவள் எழுந்து, “மூடி மாட்டிகிச்சி சார். அன்னிக்கி நான் பட்டினி. அவ்ளோதான்” என்றாள். அமல்ராஜ் அசரவில்லை. எழுதியவருக்கே தெரியாமல் வருவதுதான் குறியீடு என்றார்.

அந்த ஜோடி

அன்று தேவிதான் சீட்டு எடுத்தாள். வந்த இரண்டு கதைகளும் சின்னவை.

முதல் கதையில் நைட் ஷிஃப்ட் முடித்து ஒருவன் காலையில் அறைக்கு வருகிறான். ஷூவைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் சாய்கிறான். கட்டில் சூடாக இருக்கிறது. போர்வையில் தைல வாசம். அண்ணாந்து பார்க்கிறான். சீலிங்கில் மழைத் தண்ணீர் இறங்கிய கறை, பாய்மரம் வைத்த ஒரு தோணி போலத் தெரிகிறது. அதில் ஏறி ஊருக்குப் போவதாக நினைத்துக்கொண்டே தூங்கிவிடுகிறான்.

இரண்டாவது கதையில் டே ஷிஃப்ட் முடித்து ஒருவன் ராத்திரி சாப்பாட்டை முடித்துக்கொண்டு அறைக்கு வருகிறான். கட்டில் சூடாக இருக்கிறது. போர்வையில் தேங்காய் எண்ணெய் வாசம். சீலிங்கில் ஓர் ஈரக்கறை, விரித்த குடை போல. அதன் கீழே நனையாமல் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டே அவனும் தூங்கிவிடுகிறான்.

இரண்டிலும் கதை என்று சொல்ல வேறொன்றும் இல்லை. ஆனால் நன்றாக இருந்தன. அதைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

சூடான கட்டில் தாய் மடி என்று ஏகாம்பரம் ஆரம்பித்தார். தாய் மடியிலிருந்து பூமிக்குப் போனார். பூமியிலிருந்து சூரியனுக்கு. வழக்கத்தைவிட நீளமாகப் பேசினார். அமல்ராஜ் இரண்டு முறை குறுக்கிட முயன்றும் அவர் விடவில்லை. சூரியனிலிருந்து விறகடுப்புக்கு அவர் இறங்கியபோதுதான் அமல்ராஜ் தாள்களின் மேல் கையை ஊன்றினார்.

“தலைவரே, பேரைச் சொல்லிடுங்க. யாரோட கதை முதல்ல வந்துச்சோ அவர்தான் எழுதினவர். ரெண்டாவது ஆள் தோணியைக் குடையா மாத்தி, தைலத்தைத் தேங்காய் எண்ணெயா மாத்தி அனுப்பியிருக்கார். அவர் இங்கயேதான் உட்கார்ந்திருக்கார். கேட்டுடலாம்.”

காப்பியடித்தவர் என்று தெரிந்தால் வட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். அதற்கு முன் எல்லோர் எதிரிலும் காரணம் சொல்ல வேண்டும். இதுவும் சட்டதிட்டத்தில் உண்டு.

தலைகீழ் ஏரி

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன்.

நான் வேலை பார்த்த செய்தி டெஸ்க்கில் ஒருமுறை ஓர் ஏரியின் படத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டோம். நிறைந்த ஏரி, கரையில் பனைமரங்கள், தண்ணீரில் அவற்றின் நிழல். நிழல் மேலேயும் மரம் கீழேயுமாக அச்சாகிவிட்டது. ஆசிரியர் கவனிக்கவில்லை, அச்சகத்தில் கவனிக்கவில்லை. ஒரே ஒரு வாசகர் போன் செய்து, பறவைகள் ஏன் மல்லாந்து பறக்கின்றன என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து எந்தப் படம் கைக்கு வந்தாலும் ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது டெஸ்க்கில் எல்லோருக்கும் பழக்கமாயிற்று. வேலையை விட்டும் அது என்னை விடவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. இரண்டு நிருபர்களின் செய்தியில் ஒரே விவரம் வந்தால், யார் யாரைப் பார்த்து எழுதியது என்று நாங்கள் கேட்க மாட்டோம். இருவரும் அந்த இடத்தில் இருந்தார்களா என்றுதான் கேட்போம்.

அமல்ராஜ் பேசிக்கொண்டிருக்கும்போதே, என் கையிலிருந்த தாளின் ஓரத்தில் ஒரு தோணி வரைந்தேன். கீழே வளைந்த அடிப்பாகம், நடுவில் நின்ற பாய்மரம். தாளைத் திருப்பினேன். குடை.

ஒரே கறைதான். ஒருவன் ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுக்கிறான், மற்றவன் கதவுப் பக்கம். அடுத்தவன் தலை வைக்கும் இடத்தில் கால் நீட்டிக்கொண்டு, ஒரே கட்டிலில், வேறு வேறு நேரத்தில்.

நிமிர்ந்து பார்த்தேன். பின்வரிசையில் பரசுவும் இசக்கியும், நடுவே இரண்டு நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

படியில் இருந்த பலகை

பரசு செய்யாறு பக்கத்துப் பையன். ஹாலுக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஏகாம்பரத்தின் வாடகை அறைகளில் ஒன்றில் இருந்தான். மூன்று கட்டில் போட்ட அறை. இசக்கி திருநெல்வேலிக்காரன். தண்டலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இருவருக்கும் ஒரே கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஒருவனுக்கு டே ஷிஃப்ட் என்றால் மற்றவனுக்கு நைட். மாறும்போது இருவருக்கும் சேர்ந்தே மாறும்.

பரசு தலையில் தேங்காய் எண்ணெய் வழியும். இசக்கி பக்கத்தில் உட்கார்ந்தால் தைலம் மணக்கும். அப்படியென்றால் தோணி பரசுவுடையது, குடை இசக்கியுடையது.

அன்று மத்தியானத்திலிருந்தே நல்ல மழை. வெளியிலிருந்து வந்த மற்றவர்களுக்கு உடை முழங்கால் வரை நனைந்திருந்தது. பரசுவின் செருப்பு காய்ந்திருந்தது, அது சரி. தண்டலத்திலிருந்து பஸ் ஏறி வந்ததாகச் சொன்ன இசக்கியின் செருப்பும் காய்ந்திருந்தது. மற்ற ஞாயிறுகளில் பஸ் நிறுத்தம் வரை நடந்துபோய்த் திரும்பி வருவான் போலிருக்கிறது. மழையில் சோம்பல்பட்டுவிட்டான்.

மாடிப்படியின் திருப்பத்தில் ஒரு பலகை மாட்டியிருக்கும். மஞ்சளில் கறுப்பு எழுத்து. ‘ஒரு கட்டிலுக்கு ஒருவர். மீறினால் அறை காலி.’ அதை எழுதி மாட்டியவர் ஏகாம்பரத்தின் மைத்துனர் தணிகாசலம். அறைகள் அவர் பொறுப்பு. போன வருஷம் அவர் ஒரு அறையையே அப்படிக் காலி செய்ய வைத்தது எல்லோருக்கும் தெரியும். பெட்டியும் பக்கெட்டும் படியில் கிடந்தன. அந்தச் சுற்று வட்டாரத்தில் வேறு அறை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை, கம்பெனி பஸ் ஏறும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆக, இருவரும் பல மாதமாக ஒரே கட்டிலில் படுத்து, ஒரே கறையைப் பார்த்து, வட்டத்தின் சட்டப்படி ஒருவருக்கொருவர் காட்டாமல் ஆளுக்கொரு கதை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். சட்டத்தை மதித்ததால் மாட்டிக்கொண்டார்கள். காப்பியடித்தேன் என்று இசக்கி ஒப்புக்கொண்டால் வட்டம் போகும். உண்மையைச் சொன்னால் இருவருக்கும் அறை போகும்.

இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இப்போது இருவருமே அந்த அறையில் இல்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

தணிகாசலத்தின் கேள்வி

அந்த நேரத்தில்தான் வடை வந்தது. கொண்டுவந்தவர் தணிகாசலம்.

வழக்கமாகப் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிவிடுவார். கதை கேட்கிற ஆள் கிடையாது. அன்று காரசாரமாகப் போகிறதே என்று வாசலிலேயே நின்றுவிட்டார். அமல்ராஜ், புதிதாக ஒரு ஆள் கிடைத்த உற்சாகத்தில், இரண்டு கதைகளையும் மறுபடி சுருக்கமாகச் சொன்னார்.

தணிகாசலம் கவனமாகக் கேட்டார். பிறகு கேட்டார்.

“ஆளு வர்றதுக்கு முன்னாடியே கட்டிலு சூடா கீதுன்னா, அதுல எவன் படுத்துனு இருந்தான்?”

ஹாலில் ஒருவர் சிரித்தார். ஏகாம்பரம், “அது கதைடா மச்சான், தாய் மடி” என்றார்.

“தாய் மடில இன்னாத்துக்கு தைல வாசன வருது?”

எத்தனையோ மாதங்களாக நான் ஏங்கிக்கொண்டிருந்த வாசகர் அவர். வாளியை வாளியாகவும் கட்டிலைக் கட்டிலாகவும் படிக்கத் தெரிந்த ஒரே மனிதர். கடைசியில் வந்தேவிட்டார், வடைப் பொட்டலத்தோடு. வந்த நேரம்தான் இப்படி.

பரசு தலை குனிந்திருந்தான். இசக்கி எழுந்து நின்றுவிட்டான். “சார், நான் ஒண்ணு சொல்லுதேன்” என்றான்.

“எழுதினவங்க பேசக்கூடாது” என்று நான் சொன்னேன். “பேசறது யாருன்னு தெரிஞ்சிட்டா ஒப்பீடு கெட்டுப்போகும். உட்காருப்பா. நான் இன்னும் பேசலை.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த ஹாலில் குறியீட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

வாயைத் திறந்தேன்

என்ன பேசினேன் என்பதை முழுதும் எழுத மனம் வரவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

தோணி போவதற்கானது, குடை இருப்பதற்கானது என்றேன். முதல் கதைக்காரன் ஊரை விட்டு வந்ததை இன்னும் ஏற்றுக்கொள்ளாதவன். இரண்டாவது கதைக்காரன் எப்படியோ இங்கே வாழ்ந்துவிடத் துணிந்தவன். இரண்டும் நேரெதிரான மனநிலை என்பதால், ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுத முடியாது. ஒரு விதையிலிருந்து இரண்டு மரம் முளைப்பதில்லை என்றுகூடச் சொன்னேன். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

தைலம் என்பது வலி. தேங்காய் எண்ணெய் என்பது நினைவு. கட்டிலின் சூடு, வேலை செய்கிற உடம்பு தன்னையே முந்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறது என்பதன் படிமம். ஆகவே அங்கே வேறு யாரும் படுத்திருக்கவில்லை. அவனேதான் படுத்திருந்தான். இதைத் தணிகாசலத்தின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் “படிச்சவங்க சொன்னா சரிதான்” என்று முணுமுணுத்துவிட்டு, பொட்டலத்தை வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனார். சட்னி கீழேயே இருந்துவிட்டது.

தேவி என் பக்கம் சாய்ந்து, “சார், ஒடம்புக்கு எதுனா பண்ணுதா? ஜொரமா?” என்று கேட்டாள்.

அமல்ராஜ் நல்ல மனிதர். வாதத்தில் தோற்றால் ஒப்புக்கொள்வார். உடம்பு தன்னை முந்திக்கொண்டு வருவது என்பதைக் கைபேசியில் குறித்துக்கொண்டு, தான் அவசரப்பட்டுவிட்டதாகச் சொன்னார். பெயர்கள் அறிவிக்கப்பட்டன. இரண்டு கதைகளும் ஏற்கப்பட்டன. இசக்கிக்கும் பரசுவுக்கும் கை தட்டினார்கள். இருவரும் முதல் முறையாகச் சந்திக்கிறவர்களைப் போலக் கை குலுக்கிக்கொண்டார்கள். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

“இப்பதான் சார் உங்களுக்கு இலக்கியம் பிடிபடுது” என்றார் அமல்ராஜ் என்னிடம்.

நாலு தலைகாணி

பஸ்ஸுக்குக் கிளம்பியபோது ஏகாம்பரமும் கூட வந்தார். நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் நின்றோம். தேங்கிய தண்ணீரில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வெளிச்சம் அடித்துக்கொண்டு போயின. அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

“சீட்டுல ரெண்டும் ஜோடியா வந்தப்பவே மாட்டிக்கினானுங்கன்னு தெரிஞ்சிட்ச்சி சார்” என்றார்.

நான் என் டீயை வாங்கிக்கொண்டேன்.

“மூணு கட்டிலு போட்ட ரூமு. மொட்ட மாடில நாலு தலைகாணி காயுது. எனக்கு எண்ணத் தெரியாதா? தெரிஞ்சா மாதிரி காட்டிக்கினா மச்சாங்கிட்ட சொல்லணும். சொன்னா அவன் வுட மாட்டான். அதான் தாய் மடி, பூமின்னு இஸ்துகினே போனேன். அதுக்கு மேல எனக்கு சரக்கு இல்ல. நல்ல வேள, நீங்க பூந்தீங்க.”

இத்தனை நாளும் இவர் பேசிய பூமியையும் சூரியனையும் நினைத்து நான் எரிச்சல்பட்டது எனக்குள் ஓடியது. அவற்றில் எத்தனை இந்த மாதிரி என்று கேட்க நினைத்தேன். கேட்டால் இன்னொரு டீ ஆகும்.

“ஆனா சார், ஒடம்பு முந்திக்கினு வூட்டுக்கு வந்துட்ச்சின்னு சொன்னீங்க பாருங்க” என்று அவரே தொடர்ந்தார். “அது கொஞ்சம் ஓவரு.”

நான் டீயைக் குடித்தேன்.

அவர் உண்மையிலேயே கோபப்பட்டது அதற்குப் பிறகுதான். “நான் பெயிண்ட் கட வெச்சினு கீறேன். வாட்டர்ப்ரூஃபிங் டின்னு கீழ அடுக்கிக் கீது. சீலிங் ஒழுகுதுன்னு ஒருத்தனாவது ஒரு வார்த்த வந்து சொன்னானா சார்? சொன்னா நான் மேல வந்து பாத்துடுவேன்னு ரெண்டு பேரும் கம்முனு கீறானுங்க. என்கிட்ட சொல்றதுக்கு பதிலா கதை எழுதி, அதையும் எனக்கே அனுப்பறானுங்க.”

ஆள் அனுப்பிப் பூசிவிடலாம் என்று இருக்கிறாராம். ஆனால் எப்போது அனுப்பினாலும் அந்தக் கட்டிலில் எவனாவது ஒருவன் தூங்கிக்கொண்டிருப்பான். போகிற ஆள் கீழே வந்து தணிகாசலத்திடம் ஏதாவது உளறுவான். என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார்.

எந்த நேரத்தில் இருவருமே அறையில் இருக்க மாட்டார்கள் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு வேப்பமரக் கதையும் ஒரு பூட்டுக் கதையும் ஜோடியாக வந்தன. வேப்பமரத்தைப் பற்றி அமல்ராஜ் பேசிக்கொண்டிருந்தபோது, மேல்மாடியில் காரையைச் சுரண்டும் சத்தம் கேட்டது. கரகரவென்று, விட்டு விட்டு. பரசு அண்ணாந்து பார்த்தான். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த இசக்கியும் அண்ணாந்து பார்த்தான்.

ஏகாம்பரம் பார்க்கவில்லை. எழுந்து நின்று, வழக்கத்தைவிடக் குரலை உயர்த்தி, பூட்டு எதற்குக் குறியீடு என்று விளக்க ஆரம்பித்தார்.